நாற்பது நாள் சாட்சி

தலையை ஆட்டாதீங்க ஐயா. கை நடுங்குதேன்னு பார்க்கறீங்களா? கத்தி மயிர்ல பட்டதும் நின்னுடும். அம்பது வருஷத்துக் கை இது. இதுவரைக்கும் ஒருத்தர் தலையிலயும் கீறல் போட்டதில்ல.

அங்க நிழல்ல வரிசையா ஆறு பேர் உட்கார்ந்திருக்காங்களே, அவங்களும் நாவிதருங்கதான். அவங்களைத் தாண்டி வெயில்ல என்கிட்ட வந்துட்டு, ஏன் தனியா உட்கார்ந்திருக்கேன்னு கேட்கறீங்க. உள்ளூர்க்காரன் கேட்க மாட்டான். நீங்க கடல் தாண்டி காப்பிக்கொட்டை வாங்க வந்தவர், உங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்க எல்லாம் என் ஜனம்தான் ஐயா. ரெண்டாவதா இருக்கான் பாருங்க, மருதாணித் தாடி, அவன் என் தங்கச்சி புருஷன். காலையில வரும்போது ஸலாம் சொல்றேன். பதில் வராது. ஸலாமுக்குப் பதில் சொல்றது கடமை இல்லையா? என் விஷயத்துல மட்டும் அந்தக் கடமை கிடையாதாம்.

நாளைக்கு உங்க ஒட்டகம் ஹுதைதா துறைமுகத்துக்குக் கிளம்பிடும்னு சொன்னீங்க. கப்பல் ஏறிப் போயிடுவீங்க. அதனால உங்ககிட்ட சொல்லலாம். நான் பொய் சொல்றவன் இல்ல. முதல்லயே சொல்லி வெச்சுடறேன்.

எங்களுக்கு முஸய்யின்னு பேரு. மலை மேல கபீலாக்காரங்க, குலம் குலமா வாழறவங்க, இருக்காங்க, நிலமும் துப்பாக்கியும் அவங்களுது. அவங்களுக்கு முடி வெட்டறது நாங்க. பிள்ளைங்களுக்கு சுன்னத் பண்றது நாங்க. கல்யாணத்துக்கு முரசு அடிக்கறது, சண்டைக்கு முரசு அடிக்கறது, கண்ணு வலிச்சா சுர்மா போடறது, ரத்தம் குத்தி எடுக்கறது, எல்லாம் நாங்கதான். இடுப்புல கத்தி நிமிர்த்தி வெச்சுக்க மாட்டோம். பெரியவங்க பேசற இடத்துல வாய் திறக்க மாட்டோம். அவங்க வீட்டுல பெண் எடுக்க முடியாது, கொடுக்கவும் முடியாது. ஆனா எங்களை யாரும் கொல்ல மாட்டாங்க. சண்டை நடுவுல நான் இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் நடந்து போவேன், ஒரு குண்டு என் மேல வராது. முஸய்யினைக் கொன்னவன்னு பேர் வந்துட்டா அந்தக் கபீலாவுக்கே கேவலம். பெண்டுகளையும் எங்களையும் ஒரே கணக்குல வெச்சிருக்காங்க, என்ன பண்றது.

அப்படிப்பட்ட என்னைத்தான் இமாம் பக்கத்துல உட்கார வெச்சார்.

எங்க மலையில நாங்க ஸைதி வழிக்காரங்க, எங்களுக்கு இமாம்னா தொழ வைக்கறவர் மட்டும் இல்ல, ஆளறவரும் அவர்தான். எங்க சட்டம் வேற. அப்பன் இமாமா இருந்தார்ங்கறதுக்காக மகன் இமாம் ஆக முடியாது. நபி வம்சமா இருக்கணும், படிச்சவரா இருக்கணும், நீதி தெரியணும். ஊர்ல அநியாயம் நடக்கும்போது வீட்டுக்குள்ள உட்காராம வாளோட வெளிய வரணும். வெளிய வராதவர் எவ்வளவு படிச்சிருந்தாலும் இமாம் இல்ல. இன்னொண்ணும் உண்டு, அதைக் கவனமா கேட்டுக்குங்க. உடம்பு முழுசா இருக்கணும். கை, கால், காது, கண்ணு. இதுல ஒண்ணு போயிட்டா அன்னைக்கே பதவி போச்சு. அவர் பேரைச் சொல்லி ஜனங்க செஞ்ச சத்தியமெல்லாம் கலைஞ்சுடும். கபீலாக்காரன் துப்பாக்கியைத் தூக்கிட்டு அவனவன் வீட்டுக்குப் போயிடலாம், யாரும் தப்பு சொல்ல முடியாது.

எங்க இமாம் ஹத்ரான் மலைப் பள்ளிவாசல்ல பாடம் சொல்லிட்டிருந்த மனுஷர். சத்தமா பேசக்கூட மாட்டார். துருக்கிக்காரன் பட்டாளத்தோட வந்து அந்தப் பள்ளிவாசல்ல கோவேறு கழுதைங்களைக் கட்டினான். வரி கட்டாத ஊரையெல்லாம் கொளுத்தினான். அன்னைக்குத்தான் அவர் கிதாபை மூடி வெச்சுட்டு வாளை எடுத்துக்கிட்டு வெளிய வந்தார். ரெண்டு வருஷத்துல ஒன்பது கபீலா அவர் பின்னால சேர்ந்துச்சு. ஹத்ரான் கோட்டை அவர் கைக்கு வந்தது. துருக்கிக்காரன் பீரங்கியோட அடிவாரத்துல உட்கார்ந்திருந்தான், மேல ஏற முடியல.

கோட்டையில இருந்த கிழட்டு நாவிதர் மௌத்தா போனதும் என்னைக் கூப்பிட்டாங்க. முதல் நாள் நான் வாசப்படிக்கு வெளியவே நிக்கறேன், செருப்பு கழட்டற இடத்துல. இமாம், "யாரு அது? உள்ள வா, பக்கத்துல உட்காரு"ன்னார். உட்கார்ந்தேன். பேர் கேட்டார். நாஜின்னேன். உம்மா இருக்காங்களான்னு கேட்டார். என் உம்மாவைப் பத்தி அதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல ஐயா. வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை அவர் தலையைத் தொட்ட கை இது. கபீலாத் தலைவனுங்க அவர் முழங்கால்ல முத்தம் கொடுத்துட்டு எழுந்து போயிடணும். நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். வெளிய வந்தா, "இமாம் என்ன நினைப்புல இருக்கார் நாஜி"ன்னு அவங்களே என்னைக் கேட்பாங்க. அதுக்காக நான் அவரை நேசிச்சேன்னு நினைச்சுடாதீங்க. அதுக்காக இல்ல.

ரமலான் கழிஞ்ச மாசம் ஒரு வியாழக்கிழமை. தாடி ஓரத்தை ஒதுக்கி முடிச்சுட்டு கண்ணாடியை நீட்டினேன். அவசரத்துல திருப்பி நீட்டிட்டேன், பலகைப் பக்கம் அவர் முகத்துக்கு. அவர் அந்தப் பலகையை இப்படியும் அப்படியும் பார்த்துட்டு, "நல்லா இருக்கு நாஜி"ன்னார்.

நான் ஒண்ணும் பேசல. பேசாம இருந்ததுலயே அவருக்குப் புரிஞ்சுபோச்சு. கையைக் கண்ணாடி மேல தடவினார். மரம்னு தெரிஞ்சுது. சிரிச்சார், அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு. "வலது கண்ணு நோன்புலயே போயிடுச்சு. இடது கண்ணுல வெளிச்சம் தெரியுது, ஆள் தெரியல. நாளைக்கே ஆலிம்கள்கிட்ட சொல்லிடணும்"னார்.

நான் கால்ல விழுந்தேன். "மௌலானா, நீங்க இறங்கிட்டா ஒன்பது கபீலாவும் கலைஞ்சுடும். துருக்கிக்காரன் மத்தியானத்துக்குள்ள மேல வந்துடுவான்"ன்னு அழுதேன். நீங்க போயிட்டா நான் மறுபடியும் கல்யாணத்துக்கு முரசு அடிக்கப் போகணும்னும் சொன்னேன்னு நினைக்கறேன். அழும்போது வாயில என்னென்னவோ வரும். அவர், "இது என் சொத்து இல்ல நாஜி. இரவல் வாங்கினது. தகுதி போனதும் திருப்பிக் கொடுக்கணும்"னார்.

மறுநாள் சபை கூடுச்சு. மார்க்கம் படிச்ச நாலு ஆலிம்கள், அவ்வளவுதான், வேற யாரும் இல்ல. தீர்ப்பு சொல்ற காஜி, அப்துஸ் ஸமது பெரியவர், நடுவுல. இமாம் எதையும் மறைக்காம சொல்லிட்டார். அவங்க நாலு பேருக்கும் முகத்துல ரத்தம் இல்ல. நம்ப விரும்பல அவங்க. பீரங்கிப் புகையா இருக்கும், ராத்திரி கிதாபு படிக்கற சூடா இருக்கும்னாங்க. தெளியறதுக்கு வழி இருந்தா பதவி போகாது, காத்திருக்கலாம், சட்டத்துல இடம் இருக்கு. "தெளியுமா தெளியாதான்னு யார் சொல்றது?"ன்னு காஜி கேட்டார்.

"நாஜியைக் கேளுங்க. மூணு மாசமா என் கண்ணுக்கு சுர்மா போடறவன் அவன்தான்"னார் இமாம்.

காஜி தாடியைத் தடவிக்கிட்டே தரையைப் பார்த்தார். "முஸய்யின் சாட்சியையா மௌலானா?" அவ்வளவுதான் கேட்டார், மரியாதையாத்தான். இமாம் கோபப்பட்டு நான் அன்னைக்குத்தான் பார்த்தேன். "அவன் தொழறவன். அவன் சாட்சியும் என் சாட்சியும் ஒண்ணு. அவன் சொல்றதை எழுதிக்குங்க"ன்னு சத்தம் போட்டார்.

எனக்கு அப்ப நாற்பத்தெட்டு வயசு. எங்க அப்பனுக்கும், அவங்க அப்பனுக்கும், எங்க கூட்டத்துல யாருக்குமே சாட்சி சொல்லுன்னு ஒரு காஜி முன்னாடி இடம் கிடைச்சதில்ல. காஜி எழுதுகோலை எடுத்து மையில தொட்டார். நாலு பேரும் என் வாயையே பார்க்கறாங்க.

நான் அந்தக் கண்ணைப் பார்த்திருக்கேன் ஐயா. இமையை விரிச்சு சுர்மா போடறவனுக்குத்தான் தெரியும். கண்மணிக்கு உள்ள, ஆழத்துல, பூ விழுந்திருந்தது. கெட்டிப்பட்ட பூ. அந்த மாதிரி இருபது பேருக்குப் பார்த்திருக்கேன். ஒருத்தருக்கும் தெளிஞ்சதில்ல.

"அல்லாஹ் மேல ஆணையா, நாற்பது நாள்ல தெளிஞ்சுடும்"னேன்.

என்ன பார்க்கறீங்க? அந்த இடத்துல நீங்க இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? மலை முழுக்க ஜனம், அடிவாரத்துல பீரங்கி. அவங்க நாலு பேரும் அதைக் கேட்கத்தான் காத்திருந்தாங்க. காஜி அல்ஹம்துலில்லாஹ்ன்னு எழுதியே முடிச்சுட்டார். ஆனா இமாம் இருக்காரே, அவர் நம்பிட்டார். அதை நான் எதிர்பார்க்கல. என் பக்கம் திரும்பி, "நிஜமாவா நாஜி?"ன்னு கேட்டார். பெருநாள் துணி வரும்னு சொன்னா குழந்தை கேட்குமே, அந்தக் குரல். "நிஜமா மௌலானா"ன்னேன். அன்னைக்கிலேர்ந்து தஸ்பீஹ் மணியில ஒரு நூலைக் கட்டி நாள் எண்ண ஆரம்பிச்சார். வியாழக்கிழமை வந்தா, "பதினாலு ஆச்சு நாஜி", "இருபத்தொண்ணு ஆச்சு நாஜி"ம்பார். என்னால அவர் முகத்தைப் பார்க்கவே முடியாது, தலையை மட்டும் பார்ப்பேன்.

முப்பத்தொண்ணாவது நாள்.

பனூ ஹமீம்னு ஒரு கபீலா. அதுக்கு முந்தின வருஷம் துருக்கிக்காரன் பக்கம் சாஞ்சவங்க. துருக்கிக்காரன் அவங்க கிணத்தையும் புடுங்கிக்கிட்டதும் புத்தி வந்துச்சு. மன்னிப்புக் கேட்டு இமாமோட சேர வந்தாங்க. எங்க மலையில மன்னிப்புக் கேட்கறதுக்கு ஒரு முறை இருக்கு ஐயா. வாயால கேட்க மாட்டாங்க. கோட்டைக்குக் கீழ ஒரு சோளக் களம். அங்க வந்து தலைப்பாகையை அவிழ்த்துத் தரையில விரிச்சு, அது மேல இடுப்புக் கத்தியை வெச்சுட்டு, வெறுந்தலையோட நிப்பாங்க. ஒரு சத்தம் வராது. கபீலாக்காரனுக்கு வெறுந்தலைங்கறது அம்மணமா நிக்கற மாதிரி. மேலேர்ந்து பெரியவர் தன் தலைப்பாகையை அவிழ்த்து வீசினா மன்னிச்சாச்சு. அவர் பார்த்துட்டு முதுகைக் காட்டினா எப்பவும் பகைதான். அவர் முடிவு பண்ற வரைக்கும் பக்கத்துல இருக்கறவங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது, அப்படிப் பேசினா அவர் மன்னிப்புல கையை வெச்ச மாதிரி.

மத்தியானம் லுஹர் தொழுகைக்கு முன்னாடி இமாம் எப்பவும் போல மதில் மேல வந்து நின்னார். சுத்தி காவல்காரங்க பத்துப் பேர். அவர் கண்ணு விஷயம் அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்ச நாலு ஆலிம்களும் ஆள் திரட்ட வடக்கே போயிருந்தாங்க. மதில் மேல அது தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான், சுர்மாப் பெட்டியோட அவர் முதுகுக்குப் பின்னால.

கீழ பார்த்தேன். அறுபது பேர் இருக்கும். களம் பூரா வெள்ளைத் துணி. வெயில்ல அறுபது தலையும் தெரியுது. இமாம் நேரா அவங்களைப் பார்த்துக்கிட்டு நிக்கறார். காவல்காரங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கறாங்க. கொஞ்ச நேரம் நிக்கட்டும்னு இமாம் காய விடறார்னு நினைச்சாங்க போல. எவ்வளவு நேரம்? ஒரு ஆளுக்குத் தலை மழிச்சு முடிக்கற நேரம் அப்படியே நின்னாங்க.

அப்ப இமாம் மெதுவா தலையைத் திருப்பினார். முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு மட்டும் கேட்கற மாதிரி, "நாஜி, எனக்கு வெள்ளையா தெரியுது. களத்துப் பக்கம். நீ சொன்னது நடக்குது நாஜி! மூடுபனியா அது?"ன்னார்.

நான் என்ன பண்ணுவேன்? நீங்களே சொல்லுங்க. அது மனுஷங்க மௌலானா, அறுபது பேர் நிக்கறாங்கன்னு சொல்லணுமா? பக்கத்துலயே காவல்காரன் நிக்கறான், ஒரு முழத்துல. நட்டநடு வெயில்ல அறுபது பேரைத் தெரியாத மனுஷரா நம்ம இமாம்னு ஆயிடும். முஸய்யின் அந்த இடத்துல வாயைத் திறக்கவும் கூடாது. ஒன்பது நாள் பாக்கி இருந்துச்சு. எல்லாத்துக்கும் மேல, அந்த முகம். அந்த முகத்தைப் பார்த்துட்டு யாரால சொல்ல முடியும்?

"ஆமா மௌலானா"ன்னேன். அவ்வளவுதான். மூடுபனின்னு நான் சொல்லல, அவர்தான் சொன்னார். நான் ஆமான்னு மட்டும் சொன்னேன்.

அவர் வானத்தைப் பார்த்து நன்றி சொல்லி ஷுக்ரு செஞ்சார். பாங்கு கேட்டுச்சு. திரும்பித் தொழுகைக்குப் போனார்.

கீழ அறுபது பேரும் குனிஞ்சு தலைப்பாகையை எடுத்துக் கட்டிக்கிட்டாங்க. ஒருத்தன் மட்டும், தலைவனா இருக்கும், மண்ணை அள்ளிக் கோட்டைப் பக்கம் வீசினான். நான் ஓடிப்போய் அவங்களை நிறுத்தியிருக்கலாம்னு சொல்லுவீங்க. என்னை யாரும் சுட மாட்டாங்க, உண்மைதான். போயிருக்கலாம். கால் வரல.

மூணாவது நாள் விடியக்காலை சுபுஹு நேரத்துல துருக்கிக்காரன் பின்பக்கமா ஏறி வந்தான். அந்த ஆட்டுத்தடம் பனூ ஹமீமுக்கு மட்டும்தான் தெரியும். தொழுகை வரிசையில நின்னவங்க துப்பாக்கியை எடுக்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. நாற்பத்தி மூணு பேர். ஒவ்வொருத்தருக்கும் நான் முடி வெட்டியிருக்கேன், ஒவ்வொரு தலையிலயும் சுழி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். என் பக்கத்துல ஒரு துருக்கிக்காரன் ஈட்டியோட வந்தான். கூட வந்த பனூ ஹமீம் ஆள், "விடு, அது முஸய்யின்"ன்னான். விட்டுட்டான்.

காவல்காரன் முக்பில் இமாமைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடைக்குள்ள இறங்கிட்டான். சாயங்காலம் நான் அவங்களைக் கண்டுபிடிச்சேன். முக்பில் தன் காயத்தைக் கட்டக்கூட விடாம கத்தறான்: "தலைப்பாகை இறக்கி நின்னவங்களுக்கு ஏன் முதுகைக் காட்டினீங்க மௌலானா? ஏன்?" இமாம், "எந்த ஆளுங்க?"ன்னார். அவன் சொன்னான். இமாம் கை தன் தலைப்பாகை மேல போச்சு. அப்புறம், "தலைப்பாகையா அது?"ன்னார். நான் அங்கதான் நிக்கறேன், அவருக்குத் தெரியும், என் செருப்புச் சத்தம் அவருக்குத் தெரியும். என் பேரை அவர் சொல்லல. கடைசி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல.

மறு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு, மிச்சம் இருந்த ஜனங்க முன்னாடி எழுந்து நின்னார். "கண்ணு போன அன்னைக்கே என் தகுதி போயிடுச்சு. ஆசையில காத்திருந்தேன். அதுக்கப்புறம் செத்தவங்க ரத்தம் என் தலையில"ன்னு சொல்லிட்டு வாளைக் கழட்டி வெச்சார். காஜி நாற்பது நாள் விஷயத்தையும் என் சாட்சியையும் அங்கயே படிச்சுக் காட்டினார், இமாம் மேல பழி வரக்கூடாதுன்னு. அதுதான் எனக்கு வினையா போச்சு. முஸய்யின் சாட்சியை நம்பினா இப்படித்தான்னு மலை பூரா பேச்சு. இன்னைக்கும் எங்க ஆள் ஒருத்தன் ஆடு திருடு போச்சுன்னு காஜிகிட்ட போனா, "நாஜி ஆளா நீ?"ன்னு கேட்டு அனுப்பிடறாங்க. தலைமுறை தலைமுறையா ஒரு தடவை நம்மளைக் கேட்டாங்க, நீ கெடுத்துட்டேன்னு என் ஜனமே என்னை ஒதுக்கி வெச்சுது. கெடுத்தேனாம். இமாமுக்கு நாலு வியாழக்கிழமையாவது சந்தோஷம் கொடுத்தவன் யாரு? அதைக் கேட்க ஆள் இல்ல.

இமாம் அப்புறம் கழுதை மேல ஊர் ஊரா போனார். காஜிதான் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு முன்னால நடந்தார். செத்தவங்க வீடு ஒவ்வொண்ணா போய், வாசல்ல உட்கார்ந்து, தலைப்பாகையை இறக்கி வெச்சு மன்னிப்புக் கேட்டார். சில வீட்டுல அழுதுக்கிட்டே மன்னிச்சாங்க. சில வீட்டுல கதவைச் சாத்தினாங்க, கதவு திறக்கற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு கூப்பிடு தூரத்துல பின்னாலயே போனேன். முடி தோள்வரைக்கும் வளர்ந்துடுச்சு அவருக்கு. என்னைக் கூப்பிடல.

கடைசி வீடு முடிஞ்சதும் காய்ச்சல்ல விழுந்தார். காஜியோட தம்பி வீட்டுல படுக்க வெச்சிருந்தாங்க. அஞ்சாறு நாள் கழிச்சு ஒரு காலையில ஆள் வந்துச்சு, இமாம் கூப்பிடறார்னு. கத்தியைத் தீட்டிக்கிட்டு ஓடினேன். சுவத்துல சாய்ச்சு உட்கார வெச்சிருந்தாங்க. தண்ணி தெளிச்சு மழிக்க ஆரம்பிச்சேன். எலும்புதான் இருந்துச்சு ஐயா, தோலும் எலும்பும். பாதி தலை ஆனதும், "யாராவது இருக்காங்களா?"ன்னார். யாரும் இல்ல மௌலானான்னேன்.

"களம் தூரம். உனக்கும் வயசாச்சு. நீயும் மூடுபனின்னுதான் நினைச்சிருப்பே, அதை நான் கேட்கல. சபையில சொன்னியே, கண்ணு தெளியும்னு. நம்பித்தானே சொன்னே நாஜி?"

வெளிய ஆடு கத்துது. கத்தி என் கையில இருக்கு. கை நடுங்கல.

"நம்பித்தான் மௌலானா"ன்னேன்.

அவருக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு. பார்வை போன கண்ணுலயும் தண்ணி வரும் ஐயா. தடவித் தடவி என் கையைத் தேடிப் பிடிச்சார். ஈரமும் மயிருமா இருந்த கையைத் தன் நெத்தியில வெச்சுக்கிட்டார். "அம்பது நாளா உன்னைத் தப்பா நினைச்சுட்டேன் நாஜி. தெரிஞ்சே பொய் சொன்னேன்னு மனசுக்குள்ள உன் மேல பழி போட்டுட்டேன். நாற்பத்தி மூணு வீட்டுல கேட்டாச்சு, நீ ஒருத்தன்தான் பாக்கி. மன்னிச்சேன்னு உன் வாயால சொல்லு. அதைக் கேட்காம நான் போக முடியாது"ன்னார். மடியில இருந்த தலைப்பாகையை எடுத்துக் கீழ வெச்சார், என் காலுக்குப் பக்கத்துல.

வெறுந்தலையோட அவர் காத்துக்கிட்டே இருந்தார்.

"மன்னிச்சேன் மௌலானா"ன்னேன்.

அவர் முகம் தெளிஞ்சுபோச்சு. மீதித் தலையைக் குனிஞ்சு காட்டினார். மழிச்சு முடிச்சேன்.